நான் ஓட்டல் வேலைக்குப் போகாத காரணம்

சபையாரே, நான் ஒரு பொய் சொன்னதுலயிருந்து ஆரம்பிக்கிறேன். அதை விட்டுட்டு நடுவுலயிருந்து சொன்னா, ஆண்டவர் எனக்குச் செஞ்சதுல பாதிதான் உங்களுக்குத் தெரியும்.

எண்பத்தி நாலாம் வருசம், ஆடி மாசம். செல்லூர்ல ஒரு சந்துக்குள்ள நான் வாடகைக்கு எடுத்திருந்த அறை. இடுப்புப் பிடிச்சுக்கிட்ட ஒரு பெரியவர் பெஞ்சுல குப்புறப் படுத்திருந்தாரு. நான் எண்ணெய் தேச்சு நீவி விட்டுக்கிட்டு இருந்தேன். அவரு மகன் பக்கத்துல நின்னுக்கிட்டு, "அண்ணே, உங்களுக்கு எந்த ஊரு?"ன்னு கேட்டாரு. "நிலக்கோட்டைப் பக்கம்"னு சொன்னேன்.

எனக்கு நிலக்கோட்டையில யாரும் இல்ல. என் ஊரு வாடிப்பட்டிக்கு மேக்க இருக்கு. அவங்க ரெண்டு பேருக்கும் அதே ஊருதான். அவங்க ஊருக்குள்ள, நாங்க காலனியில. அந்தப் பெரியவரோட வயல்லதான் எங்க அப்பா முப்பது வருசமா வேலை பாத்துக்கிட்டு இருந்தாரு. எங்க அப்பா அம்மா குடியிருந்த குடிசையும் அவரு தோட்டத்து ஓரத்துலதான் இருந்துச்சு.

என்னைப் பத்தி முதல்ல சொல்லிடுறேன். என் பேரு பழனி. பதினாலு வயசுல ஊரை விட்டு வந்துட்டேன். திண்டுக்கல்ல ஒரு ஓட்டல்ல ரெண்டு வருசம் எச்சில் இலை எடுத்தேன். எழுபத்தி நாலுல ரோட்டோரம் இருந்த ஒரு இயற்கை வைத்தியசாலையில வேலைக்குச் சேந்தேன். முதல்ல மண்ணு குழைக்கிற வேலை. வயித்துல மண்பட்டி போடுறதுக்கு. அப்புறம் மசாஜ் பண்றதுக்குக் கூட நிக்க விட்டாங்க. எட்டு வருசம் அங்க இருந்தேன். எந்தச் சதை எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது, எந்த இடத்துல அமுக்கக்கூடாது, எப்ப வெந்நீர் ஒத்தடம், எப்ப சும்மா விட்டுரணும், எல்லாம் அங்கதான் கத்துக்கிட்டேன். என் மனைவி ஞானமும் அங்கதான் ஆயாவா இருந்தா. அவ கூட ஜெபக் கூட்டத்துக்குப் போகப் போயிதான் நான் விசுவாசத்துக்கு வந்தேன். ஞானஸ்நானம் எடுத்தப்ப பேரை மாத்திக்கல. மாத்தணும்னு யாரும் கட்டாயப்படுத்தவும் இல்ல.

எண்பத்தி ரெண்டுல வைத்தியசாலையை மூடிட்டாங்க. நாங்க விளாங்குடிக்கு வந்தோம். ஞானத்துக்கு ஒரு பள்ளிக்கூடத்துல ஆயா வேலை கிடைச்சுச்சு. நான் எண்ணெய்ப் பாட்டிலை ஒரு பையில போட்டுக்கிட்டு செல்லூர் சந்து சந்தா நடந்தேன். அங்க தறி ஓட்டுறவங்களுக்குத் தோள்பட்டை வலி, இடுப்பு வலி இல்லாத ஆளே கிடையாது. ஒருத்தருக்கு வலி விட்டா அவரு பத்து பேரைச் சொல்லி அனுப்புவாரு. அடுத்த வருசமே ஒரு தையல்காரர் தன் கடையை ஒட்டுன அறையை எனக்கு விட்டாரு. இடுப்பு உயரத்துக்கு ஒரு மரப் பெஞ்சு செஞ்சுக்கிட்டேன். எண்ணெயைச் சூடு பண்ண ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், வாசலுக்கு ஒரு திரை. வெளிய ஒரு சின்னப் பலகை. அதுல 'மசாஜ் வைத்தியம்'னு மட்டும் எழுதி வச்சேன். பேரு எழுதல.

ஏன் எழுதலன்னா, என் தொழில்ல ஆளைத் தொட்டாத்தான் வேலை. ஒருத்தரு முதுகுல அரைமணி நேரம் கை வைக்கணும். அந்தக் கை யாரு கைன்னு தெரிஞ்சுக்கச் சில பேருக்கு அவசரம். படுத்த உடனே எந்த ஊருன்னு கேப்பாங்க. அடுத்தது எந்தத் தெரு, யாரு மகன்னு கேப்பாங்க. நான் "வாடிப்பட்டிப் பக்கம், அப்பா விவசாயம்"னு சொல்லிட்டு, "மூச்சை இழுத்து விடுங்க"ன்னு பேச்சை மாத்திருவேன். அது பொய் இல்லன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். ஆனா ஒவ்வொரு ஆளு படுக்கும்போதும் அந்தக் கேள்வி எப்ப வருமோன்னு பயந்துக்கிட்டேதான் கை வைப்பேன்.

எண்பத்தி நாலுல ஸ்டேசன் பக்கத்துல ஒரு பெரிய ஓட்டல்ல புதுசா ஸ்டீம் பாத்தும் மசாஜ் அறையும் கட்டுனாங்க. அந்த ஓட்டல் மேனேஜருக்குக் கழுத்து திரும்பாம யாரோ சொல்லி என்கிட்ட வந்தாரு. நாலு தடவை வந்தாரு. சரியாயிருச்சு. அஞ்சாவது தடவை வந்து, "எங்க ஓட்டலுக்கு வந்துருங்க, மாசச் சம்பளம், சாப்பாடு, வெள்ளை யூனிபாரம், பி.எஃப். எல்லாம் உண்டு"ன்னாரு. கூட்டிட்டுப் போயி அறையைக் காட்டுனாரு. சுவர் பூரா வெள்ளை டைல்ஸ். குழாயத் திறந்தா வெந்நீர். ஒரே ஒரு நிபந்தனை, செல்லூர் அறையை மூடிரணும். வெளி ஆளுகளைப் பாக்கக்கூடாது.

"வைத்தியம்லாம் இங்க வேணாம் பழனி. வெள்ளைக்காரங்க வருவாங்க, வியாபாரிங்க வருவாங்க. உடம்பு அசதி போற மாதிரி தேச்சு விட்டாப் போதும். இன்னைக்கு வர்றவன் நாளைக்கு வர மாட்டான். உங்க பேரைக்கூடக் கேக்க மாட்டான்"னு சொன்னாரு.

அவரு குறையாத்தான் சொன்னாரு. எனக்கு அதுதான் பிடிச்சுச்சு. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. ஒண்ணாம் தேதிக்குள்ள பதில் சொல்லணும்னாரு.

எனக்கு யோசனை இருந்துச்சு. செல்லூர்ல வர்றவங்க வலியோட வந்து வலி இல்லாமப் போறவங்க. தறியில கை தூக்க முடியாதவரு மறுபடி தறிக்குப் போறதைப் பாத்திருக்கேன். அதை விட மனசு வரல. ஞானத்துக்கிட்ட கேட்டேன். "ஜெபம் பண்ணுங்க, நானும் பண்றேன்"னா. ரெண்டு பேரும் பண்ணோம். பதில் ஒண்ணும் வரல.

அந்த வாரந்தான் பெரியகருப்பன் ஐயாவை டாக்சியில கொண்டாந்தாங்க. நான் முதல்ல சொன்ன பெரியவர் அவருதான். இடுப்பு வளைஞ்சு, மகன் தங்கப்பாண்டி தோளைப் பிடிச்சுக்கிட்டு இறங்குனாரு. எக்ஸ்ரே எடுத்துட்டாங்களாம், எலும்புல ஒண்ணும் இல்லன்னுட்டாங்களாம், மாத்திரை கேக்கலையாம். நான் பாத்த உடனே யாருன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அவங்களுக்கு என்னை அடையாளம் தெரியல. தெரிய நியாயமும் இல்ல. மீசை வச்சு, கண்ணாடி போட்டு, மதுரையில ஒரு அறையில நிக்கிறவனை அவங்க அந்தக் காலனிப் பயலோட சேத்துப் பாக்க முடியாது.

அந்த முதுகுல கை வைக்கிறதுக்கு எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. ஊர்ல நாங்க அவரு வீட்டுப் படி ஏறுனது கிடையாது. டீக்கடையில எங்களுக்குத் தனி கிளாஸ். பத்து வயசுல அவரு வீட்டுப் பசு மேல கை வச்சதுக்கே நான் அடி வாங்கியிருக்கேன். கை வச்சேன். இடது பக்கம் சதை கல்லு மாதிரி இறுகிக் கிடந்துச்சு. ஒத்தடம் குடுத்து மெதுவா இளக்குனேன். அப்பதான் தங்கப்பாண்டி ஊரைக் கேட்டாரு. நான் பொய் சொன்னேன்.

அரைமணி நேரத்துல பெரியவர் கொஞ்சம் நிமிந்தாரு. "இன்னும் எத்தனை தடவை வரணும் தம்பி?"ன்னு கேட்டாரு. வாரத்துக்கு ரெண்டு தடவையா, இன்னும் நாலு தடவைன்னு சொன்னேன். தொழில் அப்படிச் சொல்ல வச்சிருச்சு. அவங்க போனதுக்கப்புறந்தான் எனக்குப் பயம் வந்துச்சு. தெரிஞ்சா என்னை அடிப்பாங்க, அது ஒரு பக்கம். எங்க அப்பாவை அந்தத் தோட்டத்துல இருந்து கிளப்பிருவாங்க. அறுபது வயசுல அவரு எங்க போவாரு.

அன்னைக்கிருந்து நான் ஒரே ஜெபந்தான் பண்ணேன். ஆண்டவரே, அந்த மனுசன் திரும்ப வரக்கூடாது. நான் ஓட்டலுக்குப் போயிர்றேன், அதுக்குள்ள அவரு வந்துரக்கூடாது. சபையாரே, மறைக்காம உங்ககிட்ட சொல்றேன், இதுதான் என் ஜெபம்.

ஞானம் ஒரு நாள் சோறு போடும்போது கேட்டா. "அவரு வரக்கூடாதுன்னு கேக்குறீங்களே. வலியில கிடக்குற மனுசன் வேற எங்க போவாரு?"

"உனக்கு அவங்களைத் தெரியாது."

"தெரியாதுதான். ஆனா ஓட்டலுக்குப் போனா மட்டும் பயம் விட்டுருமா? அங்கயும் ஒரு நாள் ஊர்க்காரன் வருவான். நான் வேற ஜெபம் பண்றேன். கேக்குற அன்னைக்கு உண்மையைச் சொல்ல உங்களுக்கு வாய் குடுக்கணும்னு கேக்குறேன்."

எனக்குக் கோபம் வந்துச்சு. அவ ஜெபத்தை நிறுத்தச் சொல்லலாமான்னு இருந்துச்சு. சொல்லல.

ரெண்டாவது தடவை வந்தாங்க. பெரியவருக்கு வலி நல்லாக் குறைஞ்சிருந்துச்சு. தங்கப்பாண்டி என்னை அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டாரு. தோட்டத்துல விளைஞ்ச தேங்காய் ரெண்டு கொண்டாந்து குடுத்தாரு. நான் அன்னைக்கே மேனேஜர்கிட்ட போயி, வேலைக்கு வர்றேன்னு வாய் வார்த்தை குடுத்துட்டேன். ஒண்ணாம் தேதி வந்து கையெழுத்துப் போடச் சொன்னாரு.

மூணாவது தடவை காலையில பத்து மணி இருக்கும். வெளிய பெஞ்சுல ரெண்டு தறிக்காரங்க உக்காந்திருந்தாங்க. பெரியவர் குப்புறப் படுத்திருக்காரு, தங்கப்பாண்டி சுவரோரம் நிக்கிறாரு. நான் முடிச்சு விழுந்த சதை மேல ரெண்டு கட்டைவிரலையும் வச்சு அழுத்திக்கிட்டு இருக்கேன். திரையை விலக்கி, "ஏப்பா பழனி"ன்னு ஒரு குரல்.

எங்க அப்பா. அம்மாவுக்குக் கண்ணுல புரை விழுந்திருக்கு, பெரியாஸ்பத்திரிக்கு என்னைக்குக் கூட்டிட்டு வர்றதுன்னு கேக்க வந்திருக்காரு. அந்த அறைக்கு அவரு வந்தது அதுதான் முதல் தடவை. விசாரிச்சு விசாரிச்சு வந்திருக்காரு.

பெரியவர் தலையைத் திருப்பிப் பாத்தாரு. அப்பாவும் பாத்தாரு. தோள்ல கிடந்த துண்டு அப்பா கைக்கு வந்துருச்சு. ரெண்டு எட்டு பின்னால போயி, படிக்கு வெளிய நின்னுக்கிட்டாரு. "ஐயா, தெரியாம வந்துட்டேன்"னாரு. தன் சொந்த மகன் வாடகை குடுக்குற அறைக்குள்ள வந்ததுக்கு அப்படிச் சொன்னாரு.

தங்கப்பாண்டி அப்பாவைப் பாத்து, "வெள்ளையா, இவன் யாரு?"ன்னாரு.

"நம்ம பயதான் சின்னையா. என் மகன்."

தங்கப்பாண்டி என் சட்டையைப் பிடிச்சாரு. "டேய், நிலக்கோட்டைன்னு சொன்ன. எங்க அப்பா மேல கை வைக்கிற அளவுக்கு வந்துட்டியா நீ?"

வெளிய இருந்த ரெண்டு பேரும் எந்திரிச்சு நின்னு பாத்தாங்க. அப்பா, "சின்னையா, சின்னையா"ன்னு கும்பிட்டுக்கிட்டே நிக்கிறாரு. எனக்கு ஜெபம் பண்ணத் தோணல. ஆண்டவரேங்கிற ஒரு வார்த்தைதான் உள்ள வந்துச்சு. அதுக்கப்புறம் வந்த பேச்சு என் பேச்சு இல்லன்னுதான் இன்னைக்கு வரைக்கும் நினைக்கிறேன். அம்புட்டு நிதானமா நான் பேசுறவன் கிடையாது.

"ஆமா. நான் வெள்ளையன் மகன் பழனி. நிலக்கோட்டைன்னு சொன்னது பொய். உங்களுக்குப் பயந்து சொன்னேன், அது தப்பு. இது நான் முறையாக் கத்துக்கிட்ட தொழில். இப்பப் பாதியில விட்டா இவருக்கு மறுபடியும் பிடிச்சுக்கும். ஐயா, கையை எடுக்கச் சொன்னா எடுத்துர்றேன். நீங்களே சொல்லுங்க."

பெரியவர் முகத்தை மறுபடி பெஞ்சுல வச்சுக்கிட்டாரு. அப்புறம், "எடுக்காத"ன்னாரு.

தங்கப்பாண்டி, "அப்பா"ன்னாரு.

"நீ வெளிய போயி நில்லு."

அவரு என் சட்டையை விட்டுட்டு வெளிய போனாரு. எங்க அப்பாவும் அவரும் வாசல்ல ஆளுக்கு ஒரு பக்கமா நின்னாங்க. நான் வேலையைத் தொடர்ந்தேன். இருபது நிமிசம் இருக்கும். பாதியில பெரியவர், "நீ பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிப்போனவன்தான?"ன்னு கேட்டாரு.

"ஓடல ஐயா. ஓட்டல் வேலைக்கு விட்டாங்க."

"ம்."

அம்புட்டுத்தான் பேச்சு. முடிஞ்சதும் எந்திரிச்சு உக்காந்தாரு. சட்டையை மாட்டிக்கிட்டு யாரையும் பிடிக்காம நடந்து வாசலுக்குப் போனாரு. படியில நின்னு எங்க அப்பாவைப் பாத்தாரு.

"வெள்ளையா, நாளைக்குக் கரும்புக்குத் தண்ணி பாய்ச்சணும். மறந்துராத."

"சரிங்கய்யா."

டாக்சியில ஏறிப் போயிட்டாங்க. அந்த வார்த்தையிலதான் அப்பாவுக்கு வேலையும் வீடும் இருக்குன்னு எங்களுக்குத் தெரிஞ்சது.

வெளிய இருந்த தறிக்காரங்கள்ல ஒருத்தரு அப்படியே கிளம்பிப் போனாரு. அவரு அதுக்கப்புறம் வரவே இல்ல. இன்னொருத்தரு உக்காந்தே இருந்தாரு. "இன்னும் எம்புட்டு நேரமாகும்ணே? எனக்கு ரெண்டு மணிக்கு ஷிப்ட்"னு கேட்டாரு.

அவரைப் பாத்து அனுப்பிட்டு அப்பாவை உள்ள கூப்பிட்டேன். வந்தாரு, உக்காரல. "எதுக்குப்பா இந்த வேலை, எம்புட்டு ஆபத்து தெரியுமா"ன்னு திரும்பத் திரும்பச் சொன்னாரு. நிக்கும்போது அவரு வலது தோளு ஒரு பக்கம் இறங்கியிருந்துச்சு. அதை நான் அதுவரைக்கும் கவனிச்சதே இல்ல. பத்து வருசமா யார் யாரு தோளையோ பிடிச்சு விட்டிருக்கேன், இவரு தோளைத் தொட்டது இல்ல. "படுங்கப்பா"ன்னேன். வேணாம்னாரு. பெஞ்சு விரிப்பை மாத்தப் போனேன். "ஐயா படுத்த விரிப்புல நான் படுக்கலாமா"ன்னு கேட்டாரு. நான் விரிப்பை மாத்தல. அதுலயே படுக்க வச்சேன். தோள்ல கை வச்ச கொஞ்ச நேரத்துல தூங்கிட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலம் ஞானத்துக்கிட்ட நடந்ததைச் சொன்னேன். அவ கேட்டுட்டு, "அம்மாவை என்னைக்குக் கூட்டிட்டு வரச் சொன்னீங்க?"ன்னு கேட்டா. நான் சொல்ல மறந்துட்டேன். மறுநாள் ஞானமே பஸ் ஏறிப் போயிச் சொல்லிட்டு வந்தா.

ஒண்ணாம் தேதி மேனேஜரைப் போயிப் பாத்தேன். வரலன்னு சொன்னேன். வாக்குக் குடுத்துட்டு மாத்துறதுக்கு மன்னிப்புக் கேட்டேன். சம்பளம் போதலையான்னாரு. சம்பளம் இல்லன்னேன். உள்ளதைச் சொன்னேன். நான் அந்த வேலைக்கு ஆசைப்பட்டதே ஒளிஞ்சுக்கிறதுக்கு நல்ல இடம்னுதான். இப்ப ஒளிய வேண்டியது இல்ல. அவருக்குப் புரிஞ்சுச்சோ என்னமோ, வேற ஆளைப் பாத்துக்கிட்டாரு. ஆனா அவரு ஓட்டல் சமையல்காரங்க நின்னு நின்னு இடுப்பு விட்டுப் போனா இன்னைக்கும் என்கிட்டதான் அனுப்புறாரு. ஓட்டல் வேலை தப்புன்னு நான் சொல்ல வரல. நான் போக நினைச்ச காரணந்தான் தப்பு.

பெரியவர் மிச்ச ரெண்டு தடவையும் வந்தாரு. டாக்சிக்காரர் மட்டும் கூட வந்தாரு, தங்கப்பாண்டி வரல. தங்கப்பாண்டி இது வரைக்கும் என்கிட்ட பேசுனது இல்ல. ஊர்ல டீக்கடை கிளாஸ் மாறல. பெரியவர் மனம் திரும்பிட்டாருன்னு சொல்லி உங்களை நம்ப வைக்கவும் எனக்கு இஷ்டம் இல்ல. அவரு உள்ளம் எனக்குத் தெரியாது.

ஆறு மாசம் கழிச்சு அப்பா மூலமாச் சொல்லி அனுப்புனாரு, இடுப்பு மறுபடி பிடிக்கிற மாதிரி இருக்கு, ஞாயித்துக்கிழமை வர்றேன்னு. நான், "ஞாயித்துக்கிழமை எனக்குச் சபை இருக்கு, திங்கக்கிழமை வரச் சொல்லுங்க"ன்னேன். அப்பா பயந்துட்டாரு. இதை எப்படிப் போயி அவருகிட்ட சொல்றதுன்னாரு. நான் சொன்னபடியே சொல்லுங்கன்னேன். ரெண்டு நாளு மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டு, அப்பா போயிச் சொல்லியிருக்காரு. பெரியவர் திங்கக்கிழமை வந்தாரு. வெளியில தறிக்காரங்களோட உக்காந்து, தன் முறை வர்ற வரைக்கும் காத்திருந்தாரு.

இப்ப எண்பத்தி ஏழு. நான் கேட்ட ஜெபத்தை ஆண்டவர் கேக்கல. அவரு திரும்ப வரக்கூடாதுன்னு கேட்டேன், ஆண்டவர் அவரையும் கொண்டாந்தாரு, எங்க அப்பாவையும் அதே நேரத்துக்குக் கொண்டாந்தாரு. என் மனைவி கேட்டதைத்தான் குடுத்தாரு. அதுக்காக நான் தினமும் நன்றி சொல்றேன். அம்மாவுக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. வருமானம் ஒரு மாசம் இருக்கும், ஒரு மாசம் இருக்காது. ஆனா ஆளு படுக்கும்போது இருந்த அந்தப் பயம் போயிருச்சு.

உங்கள்லயும் யாராவது ஒரு பயத்தை வருசக்கணக்கா மூடி வச்சிருக்கலாம். அதை விட்டு ஓடுறதுக்கு ஒரு நல்ல வழி வந்திருக்கு, அதுதான் ஆண்டவர் குடுத்த வழின்னு நினைச்சுக்கிட்டு இருக்கலாம். கொஞ்சம் பொறுங்க. அவருகிட்ட கேளுங்க. தப்பான ஜெபமா இருந்தாலும் பரவாயில்ல, என்னுதும் தப்பான ஜெபந்தான். உங்களுக்காக வேற ஜெபம் பண்ற ஒருத்தரு வீட்டுல இருந்தா, அவங்களைத் தடுக்காதீங்க. நாம கேக்கத் தெரியாம கேட்டாலும், குடுக்கத் தெரிஞ்சவரு அவரு. அவரை நம்பலாம்.